சுமையாவின் தேர்வு முடிவு

அன்பு சுமையா,

பருப்புக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. பன்றி இறைச்சி சேர்க்கவில்லை.

உன் ஸ்பானிய மொழித் தேர்வு முடிவு வந்தது. உறையை நானே பிரித்துவிட்டேன், தவறுதான். மூன்றாம் முறையும் தேறவில்லை, மகளே. இனிக் குடியுரிமை கிடைக்குமென்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

நேற்றுப் பக்கத்து வீட்டு என்கர்னா, “அக்கா, உங்க மருமகளுக்கு ஆறு வருஷமா ஒரு வார்த்தைகூட மண்டையில ஏறலையே!” என்றபோது, நீ கேட்டுக்கொண்டிருக்க, நானும் சிரித்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும், நீயும். சர்க்கரை, எண்ணெய், தலையணைக்கு எங்கள் ஸ்பானியத்தில் நாங்கள் சொல்லும் சொற்களெல்லாம் உங்கள் அரபியிலிருந்து வந்தவையாம், பாதிரியார் சொன்னார். உன்னிடம் ஒரு சொல்கூட நான் கேட்டுப் படித்ததில்லை.

கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன். இதில் புரியாததை என் மகன் வந்ததும் கேட்டுக்கொள்.

அத்தை ரெமெடியோஸ்

பி.கு.: சமையலறையில் நீ படிக்க ஒட்டிய ஸ்பானியச் சொற்சீட்டுகளைக் கிழிக்காதே. அவற்றின் கீழே உன் மொழியிலும் எழுது. எழுபத்தொரு வயதில் எனக்கும் ஏறாது. ஆனாலும் எழுது.