ஒன்றாகவே நிற்கும் தூரம்

ருவான்வெல்லை
12.06.2003

அன்பு மகள் துஷ்யந்திக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய், கையெழுத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. விடாத மழையில் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நின்று லயத்து வீடுகளில் எல்லோரும் அரைவயிறு. உன் மாமா மூக்கையா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "பொம்பளப் புள்ளய கனடாவுக்கு அனுப்பி என்னா மச்சான் கண்டீங்க, இங்கனயே டீச்சர் வேல காலியாத்தானே கெடக்கு" என்று குத்திவிட்டுப் போனான். எங்கள் கல்யாணத்துக்கே வராதவன், இப்போது யோசனை சொல்ல வருகிறான்.

ஆராய்ச்சியை விட்டு வருகிறேன் என்று நீ எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. சார்புகளின் கண்ணுக்கு மட்டும் கூட்டல் ஒருங்கும் வீக் பேசிஸ் எல்லாம், எந்த நோர்ம் வெளியிலும் தூரத்தில் அளந்தாலும் ஒருங்கும் பேசிஸ்தான் என்று நிறுவப் போனாய். கருத்தரங்குக்கு முந்திய வாரம் அதை உடைக்கும் உதாரணத்தை நீயே கண்டுபிடித்து, பேச்சையும் ரத்துச் செய்துவிட்டாய். அந்த உதாரணத்தைப் போட்டுப் பார்த்தேன். காவிகளை, அதுதான் உன் வெக்டர்களை, கூட்டக் கூட்ட நடுவில் உள்ளவை வெட்டுப்பட்டு முதலும் கடைசியும் மட்டும் மிஞ்சுகின்றன. தொடர்ச்சியான எந்த ஏகபரிமாணச் சார்பைக் கேட்டாலும் முதற்காவிக்கே வந்துவிட்டோம் என்கிறது, நோர்மில் அளந்தால் அதற்குள்ள தூரம் குறையாமல் ஒன்றாகவே நிற்கிறது. எவ்வளவு அழகு பிள்ளை! பானாக் வெளியில் இப்படி நடக்காது, அது ஓட்டையில்லாத, நிறைவான வெளி. உன்னுடையதில் நிறைவு இல்லை, இருப்பதாக நினைத்துக்கொண்டாய். கணக்குக்காரர்கள்தான் செய்யக்கூடிய பிழை அது. தேற்றம் எதுவரை செல்லும் என்று எல்லை போட்டிருக்கிறாய், பேச்சைத் திரும்பக் கேட்டு வாங்கி அதையே பேசு.

கெம்பஸில் எனக்குப் படிப்பித்த ஒருவர், தோட்டத்துப் பிள்ளைக்குத் தூய கணிதம் எதற்கு, போய் உழைக்கப் பார் என்றார். அவர் பென்சன் எடுத்துச் செத்தும் போனார், மன்னிக்க எனக்கு மனமில்லை. உன் பேராசிரியையோ எழுது, எழுது என்கிறாராம். பிறகு யாரைக் கோபித்துக்கொண்டு வருகிறாய்?

அம்மா, "புள்ளய வரச் சொல்லுங்க, கணக்கு எங்க ஓடப் போகுது" என்கிறாள். உன்னைப் பார்க்க எனக்கும் ஆசைதான். டிசம்பர் லீவுக்கு வா. ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட்டைக் காட்டினால்தான் அம்மாவைக் கோழி அடிக்க விடுவேன்.

மாரியம்மன் துணையிருப்பாள், தீர்க்காயுசாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. பேச்சுக்குத் தேதி கிடைத்ததும் முக்தார் நானாவின் கடைக்கு டெலிபோன் எடு, மழையென்றாலும் ஓடி வருவேன்.

உன் மேல் உயிரான அப்பா,
காத்தமுத்து