கலாவின் ஆறு இலக்கம்

மார்ச் 3, திங்கள்
தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. எல்லாக் கணினிகளிலும் பின் நம்பர் இனி ஆறு இலக்கம். 123456 மாதிரி வரிசை கூடாது. தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் பூட்டிக்கொள்ளும். அமல்படுத்த வேண்டியவள் நான்.

எங்கள் மருந்து ஏஜென்சி நேரு வீதி மாடியில் இருந்தபோது ஆபீசுக்கே ஒரே கணினி. எனக்கும் கூட வேலை பார்த்த சந்திரகலாவுக்கும் ஒரே நம்பர். எனக்குத்தான் அடிக்கடி மறக்கும். மருந்துக் கடைக்காரர் போனில் காத்திருப்பார், கலா சோற்றுக் கையோடு உள்ளேயிருந்து கத்துவாள்: "ஏய் ஹேமா, நாலு ஏழு ரெண்டு ஒண்ணுடீ!" தெருவுக்கே கேட்கும்.

மார்ச் 10
கலா வேலைக்குத் திரும்பினாள். பக்கவாதம் வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். நடை, பேச்சு எல்லாம் தேறிவிட்டது. எண்கள்தான் இடம் மாறுகின்றன. பழைய நாலு இலக்கத்தை விரல் தானாகப் போடுகிறது. புதிய ஆறில் தடுமாறினாள். பூட்டிக்கொண்டது.

மார்ச் 11
அவளுக்கு மட்டும் பழைய நம்பரை விட்டுவைக்கலாமா என்று மேலாளர் வெற்றிவேலிடம் கேட்டேன்.
"முடியாதும்மா. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். முடியலன்னா வீட்ல இருக்கட்டும்."
மருந்து வாங்கும் நோயாளிகள் விவரமெல்லாம் கணினியில் இருக்கிறது. அவர் சொல்வது சரிதான். ஆனால் கலா?

மார்ச் 12
கலாவின் கணினிக்கு நானே ஒரு நம்பர் வைத்து, நானே திறந்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

மார்ச் 19
மூலக்குளத்தில் பஸ் கிடைக்கத் தாமதம். போனால், பூட்டிய திரை முன்னால் கலா கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
"நீ வந்து தொறந்து விட்டாதான் நான் வேல செய்யணுமாடி? அப்புறம் நான் எதுக்கு இங்க?"
நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்... அந்த மாடியில் என்றால் சிரித்திருப்பாள். அந்தக் கலாவையே தேடிக்கொண்டிருக்கிறேனா?

மார்ச் 20
என் நம்பரை அழித்தேன். "நீயே வச்சுக்க. ரெண்டு ரெண்டா சொல்லிப் பாரு" என்றேன். முகம் கொடுக்கவில்லை.

மார்ச் 24
மறுபடி பூட்டிக்கொண்டது. பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன். என்ன நம்பர் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி
மாசக் கடைசி. வெற்றிவேல் சார் கலாவின் மேசையருகே வந்து நின்றார். கலா விசைப்பலகையில் கை வைத்தாள். பழக்கதோஷத்தில் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.
"அந்தப் பக்கம் திரும்புடி. சட்டம் போட்டவளே பாக்குறியா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விசைகளை இரண்டிரண்டாகத் தட்டும் சத்தம் கேட்டது. நடுவில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு இன்னும் இரண்டு.
"சரிம்மா, அந்தக் கடலூர் பில்ல எடுங்க," என்றார் சார்.
அவள் நம்பர் எனக்குத் தெரியாது.