நாற்பத்தெட்டு இலக்கத் திறப்பு

8 ஜூலை 2025, செவ்வாய்

மீன்காரன் வரவில்லை. முட்டைப் பொரியலோடு பகல் சாப்பாடு முடிந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி ஜெனூபா அழுத முகத்தோடு வந்தாள். அவளுடைய லெப்டொப் செத்துவிட்டது. கரண்ட் போய் வந்ததில் உள்ளே மதர்போர்ட் கருகிவிட்டதாம். கல்முனையில் கடை வைத்திருக்கும் றிபாஸ் அதைக் கழற்றி, உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். சூயிங்கம் அளவில் ஒரு தகடு. அதைச் சின்னப் பெட்டி ஒன்றுக்குள் போட்டு, வயரால் வேறு லெப்டொப்பில் கொழுவினால் எல்லாம் அப்படியே வரும் என்றானாம்.

அவளுடைய லெப்டொப் என்று எழுதிவிட்டேன். எங்கள் மூத்தவர் முபீன் நானா கட்டாரிலிருந்து அதை எனக்குத்தான் அனுப்பினார். 2019இல், எனக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தபோது. மூன்று கிழமை வைத்திருந்தேன். பிறகு எனக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். கம்பஸும் போனது, லெப்டொப்பும் தங்கச்சிக்குப் போனது.

9 ஜூலை, புதன்

பெட்டியோடு வந்தாள். என் சாப்பாட்டு மேசையில் வைத்து, என் புருஷனின் லெப்டொப்பில் கொழுவினாள். பெட்டியில் நீல லைட் எரிந்தது. டிரைவ் தெரிந்தது, பூட்டுப் படத்தோடு. பூட்டைத் திறக்க நாற்பத்தெட்டு இலக்கத் திறப்பு கேட்டது.

"இதென்ன புள்ள?" என்றேன்.

"இது உங்களுக்கு வெளங்காது ராத்தா. நானாக்கிட்டக் கேக்கிறன்."

வெளங்காது. சரி.

உள்ளே கிடப்பது அவளுடைய ஆய்வறிக்கை. கடலரிப்பில் வீடு இழந்த நாற்பத்தொரு பெண்களோடு எட்டு மாதம் கதைத்து, பதிவு செய்து எழுதியது. வேறெங்கும் பிரதி இல்லை - கம்பஸில் படித்து என்ன பிரயோசனம்? 18ஆம் திகதிக்குள் கொடுத்தால் அங்கேயே தற்காலிக விரிவுரையாளர் வேலை அநேகமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் உம்மா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஓம் சொல்ல வேண்டும்.

10 ஜூலை, வியாழன்

நானா அவளிடம் சொல்லியிருக்கிறார்: "ராத்தா ஹிமாயாட ஈமெயில்லதான் அந்த லெப்டொப்ப முதல்ல திறந்த. திறப்பும் அதுக்குள்ளதான் கிடக்கும்."

இப்போதுதான் என் ஞாபகம் வந்ததா? ஓடி வந்தாள்.

"ராத்தா, ஒருக்காப் பாருங்களன்."

"அந்த ஈமெயில் எப்பயோ போயிட்டு. பாஸ்வேர்ட் ஒண்டும் ஞாபகமில்ல."

பொய். அது என் போனில் நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. அவள் போனபிறகு தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. இரண்டு தடவை வாசித்துவிட்டு மூடினேன். மனம் இனித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இனித்தது.

12 ஜூலை, சனி

இன்று மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

15 ஜூலை, செவ்வாய்

ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்க்கிறாளாம். முன்பு கதைத்த பெண்களின் வீடுகளுக்குத் திரும்பவும் நடக்கிறாள். ஒரு மனிசி மாசி மாதமே வபாத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. இன்னொருத்தர், "அண்டைக்கே எல்லாம் சொல்லிட்டன் மகள், இன்னொருக்கா அழ ஏலா" என்று கதவைச் சாத்திவிட்டாராம். கண் இரண்டும் வீங்கிப் போய் நின்றாள். சொல்லிவிடுவோம் என்று போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவளோடு வந்திருந்த உம்மா, "பாவம் கா அவள், படிச்ச புள்ள" என்றார்.

நான் படிக்காத பிள்ளையா? போனை வைத்துவிட்டேன்.

18 ஜூலை, வெள்ளி

நாலு மணிக்குக் கம்பஸ் ஒபிஸ் மூடுவார்கள். நாலு பத்துக்கு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

20 ஜூலை, ஞாயிறு

பழைய கொப்பி ஒன்றில் ஈமெயில் பாஸ்வேர்ட் கிடந்தது என்று சொல்லிக்கொண்டு, புருஷனின் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். நான் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள், நாற்பத்தெட்டு இலக்கமும். திறந்தது. ஒன்றும் அழியவில்லை. ஒரு பதிவைத் தட்டினாள், யாரோ ஒரு பெண் தன் கிணறு கடலுக்குள் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். ஜெனூபா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நீங்க இல்லாட்டி எல்லாம் போயிருக்கும் ராத்தா."

பிந்திக் கொடுத்தாலும் பட்டம் கிடைக்குமாம், வெறும் பாஸ் என்ற சித்தியோடு. வேலை கிடைக்காது. அது இனி அவளோடு படிக்கும் காரைதீவுச் சிவரூபினிக்கு. "அவளும் கெட்டிக்காரிதான்" என்றாள். ஒரு சொல்லாவது கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

23 ஓகஸ்ட், சனி

அடுத்த மாதம் ஜெனூபாவுக்குக் கலியாணம். வருகிற போகிற எல்லோரிடமும், "ராத்தாதான் தேடி எடுத்துத் தந்தவ" என்று சொல்கிறாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைப் போல ஒரு ராத்தா யாருக்குக் கிடைக்கும் என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

பின்னேரங்களில் என்னிடம் சமையல் பழக வருகிறாள். அவள் என்னைப் போல ஆக வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆகிவிட்டாள். அவள் அடுப்படியில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"கம்பஸ் இல்லண்டு சொன்ன நேரம் உங்களுக்கும் இப்பிடித்தான் இருந்திச்சா ராத்தா?"

ஆறு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"இன்னும் சின்னனா வெட்டு" என்றேன்.