கரையோரமாகவே நடந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று பேருந்தில் என் பக்கத்தில் காவிச் சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போய்த் திரும்புகிறவள். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காலில் தடவியிருந்தாள். அந்த வாசனையில் உங்கள் வெடித்த குதிகால்கள் கண்முன் வந்து நின்றன.

நம் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடையில் நீங்களும் நானும் ஒரே பிரிவில் சேலை விரித்தோம். உங்கள் ஒரே மகன் மோகனூரில் நண்பர்களோடு ஆற்றில் இறங்கிய அன்று கடைக்குத்தான் போன் வந்தது. அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருந்த சமயம். படகு போட்டுத் தேடினார்கள். அவன் கிடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் மாதாவுக்கு வேண்டிக்கொண்டு நடந்தீர்கள். உங்கள் கோயில் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழி. காவிரியைத் தொட்டும் விலகியும் போகும். மற்றவர்கள் தார் ரோட்டில் போக, நீங்கள் மட்டும் கரைக்கு இறங்கிவிடுவீர்கள். காத்திருந்து சலித்தவர்கள் ஒரு வருடம் உங்களைக் கூட்டாமலே கிளம்பிவிட்டார்கள்.

“நான் வாரனுங்க்கா” என்றேன்.

“நீ எங்க கோயிலுக்கே வந்ததில்லையே சாமி. காலு தாங்குமா?”

“நாளெல்லாம் கடையில நிக்கற காலுதானுங்க்கா.”

கையில் ஜெபமாலை உருண்டாலும் உங்கள் கண் தண்ணீர் ஓரத்திலேயே இருந்தது. நாணல், மதகு, ஒதுங்கிய குப்பை எதையும் விடவில்லை. நீங்களேதான் சொன்னீர்கள்: “ஒரு எலும்பு கெடச்சாலும் போதும். பொட்டியில வெச்சுப் பொதச்சுருவேன்.”

முசிறி தாண்டி நாணலுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இத்தனை வருடம் கழித்து அது அவனாக இருக்க முடியாது. உங்களுக்கும் அது தெரியும். ஆனாலும் ஓடினீர்கள்.

வேட்டி கட்டிய ஒரு முதியவரின் உடல். முகம் ஊதியிருந்தது. உங்கள் போர்வையை எடுத்து அவர்மேல் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்கள். நான் போலீஸுக்குச் சொன்னேன்.

வந்த காவலர் கேட்டார். “உங்க ஆளாம்மா?”

“ஆமாங்க” என்றீர்கள்.

“என்ன உறவு?”

நீங்கள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தீர்கள். பொய் சொல்லிக் கேஸைக் குழப்ப வேண்டாம் என்று அவர் அதட்டினார். தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

வெகுதூரம் நடந்த பிறகு, “ஏனுங்க்கா அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“எம் பையனையும் எங்கயாச்சும் யாராச்சும் இப்பிடித் தூக்கியிருப்பாங்க. எங்க ஆளுன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கோணுமில்ல சாமி?”

வேளாங்கண்ணியில் நீங்கள் மெழுகுவத்தி ஏற்றவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த வருடம் நடக்க முடியவில்லை. வயிற்றில் கட்டி. வைத்தியம் வேண்டாம் என்று சொல்லியே போய்ச் சேர்ந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் பக்கத்து இடத்தை மகனுக்கென்று விடச் சொல்லியிருந்தீர்கள். அதில் போன மழைக்காலத்தில் வேறு யாரையோ புதைத்துவிட்டார்கள். உங்களிடம் சொல்லாமல் இருக்கவே நினைத்தேன்.

மோகனூர்ப் பாலத்தைப் பேருந்து கடக்கும்போது மற்றவர்கள் ஆற்றைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். நான் ஜன்னலோரம் நகர்ந்து கரையைப் பார்க்கிறேன். யாராவது ஒதுங்கிக் கிடந்து, உங்கள் ஆளா என்று கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.