ஏழு கிலோ இருநூறு

அன்பு மகளுக்கு, அம்மா சொல்ல உன் தங்கை எழுதுவது. இந்தக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. எல்லோரும் நலம் என்று தொடங்கச் சொன்னாள் அம்மா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்றும் கேட்கச் சொன்னாள். அப்பாவுக்கு மறுபடியும் இரவு வேலை போட்டுவிட்டார்கள், குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பாப்பாவுக்கு நீ அனுப்பிய சிவப்பு கவுன் வந்து சேர்ந்தது. வயதைப் பார்த்து வாங்கியிருக்கிறாய், தோளில் நிற்காமல் நழுவுகிறது.

செவ்வாய்க்கிழமை அவளைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனோம். எடை ஏழு கிலோ இருநூறு. மாடி வீட்டுத் தையல்காரரின் மகளும் அதே எடைதான். உடனே அம்மா, "பார்த்தியா, கிராம் பிசகாம ரெண்டும் ஒண்ணு, நம்ம புள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்றாள். மூன்று மாதத்தில் இருநூறு கிராம் ஏறியிருக்கிறாள், அதையும் எழுதச் சொன்னாள். ஏறியது உண்மை. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஏழு மாதம், நம் பாப்பாவுக்குப் பதினான்கு. நர்ஸ் வளர்ச்சி அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஏழு மாதப் பெண் குழந்தைகளின் சராசரி ஏழு கிலோ அறுநூறு, அதிலிருந்து ஒரு படி விலகல் என்பது தொள்ளாயிரம் கிராம், அதனால் தையல்காரர் மகள் அரைப்படிகூடக் கீழே இல்லை. பதினான்கு மாதத்துக்குச் சராசரி ஒன்பது கிலோ நானூறு, ஒரு படி ஒரு கிலோ நூறு. கழித்து வகுத்துப் பார் அக்கா, நம் பாப்பா இரண்டு படி கீழே. கணக்கு வகுப்பில் இதைத்தான் இசட் மதிப்பு என்று மைனஸ் போட்டு எழுதினோம், அப்போது அது வெறும் விடையாக இருந்தது. இவள் வயதுக் குழந்தைகள் நூறு பேரை எடைப்படி வரிசையில் நிறுத்தினால் இவளுக்குப் பின்னால் இரண்டு பேர்தான். மூன்று மாதம் முன்பு நான்கு பேராவது இருந்தார்கள். எடை ஏறிக்கொண்டே பின்னால் போயிருக்கிறாள்.

குழந்தையின் அம்மா எங்கே என்று நர்ஸ் கேட்டார். "யார் வீட்டுப் புள்ளைக்கோ சோறு ஊட்டப் போயிருக்கா, அது கொழுகொழுன்னு இருக்கு, போட்டோ அனுப்பினா" என்றாள் அம்மா. இதை எழுதக் கூடாது என்றாள், எழுதிவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டுமாம், இரண்டு வாரத்தில் மறுபடி எடை பார்ப்பார்களாம். அம்மா கரண்டியை நீட்டினால் பாப்பா முகத்தைத் திருப்புகிறாள், என் கையில் இரண்டு வாய் வாங்குகிறாள், பிறகு கதவைப் பார்க்கிறாள்.

"பாப்பா நல்லா இருக்குன்னு முடிச்சிடுடி. தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வருவா, இல்லை தெரிஞ்சும் வராம இருப்பா. எதை நான் தாங்கறது?" என்றாள் அம்மா. நான் எழுதியது அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். கவுனை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "சரி, இருக்கட்டும். பயப்படாதேன்னு மட்டும் எழுதாதே. பயப்படட்டும்" என்றாள். அதனால் அதை எழுதவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உனக்கு என்றும் எங்கள் ஆசிகள். இனி உடுப்பு வாங்கினால் எடையைக் கேட்டு வாங்கு.

இப்படிக்கு,
அம்மா

கையெழுத்துப் போட்டதும் அம்மா விளக்கை அணைத்துவிட்டாள், இந்த வரி கோணலாக இருக்கும்.