நிலவு நண்டும் முதலீட்டு மாப்பிள்ளையும்

ஜூலை 14, திங்கள்

வங்கி முகாமையாளர் இன்றும் புன்னகைத்தே அனுப்பினார். "வீட்டு உறுதிப் பத்திரத்த ஈடு வையுங்க மிஸ், லொறிக்குக் கடன் ரெடி."

குளிரூட்டிய லொறி இல்லாத காரணத்தால் என் வாவி நண்டுகளில் பாதி கொழும்பை உயிருடன் காண்பதில்லை. ஆனால் வீடு, அம்மா எனக்குச் சீதனமாக எழுதியது. பிற்காலத்தில் என் மகள் கஜானிக்கு எழுதப்படவிருப்பது. இடைப்பட்ட காலத்தில் அது என்னிடம் விருந்தாளி. "விருந்தாளியை அடகு வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை" என்று கூறி எழுந்து வந்தேன். வாக்கியம் மிக நேர்த்தியாக அமைந்தது. முகாமையாளருக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை.

"வாக்கியத்தில நண்டு ஏத்த ஏலுமா?" என்கிறார் என் கணவர் உதயரூபன்.

ஜூலை 17, வியாழன்

துணிகர மூலதனம். என்ன கம்பீரமான சொற்றொடர்!

கைப்பேசிக் காணொளிகளில் காலை முழுவதும் கற்றேன். இது கடன் அன்று. வட்டியோ ஈடோ கிடையாது. பணம் தருபவர் நிறுவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். நாம் வளர்ந்தால் அவரும் வளர்வார், மூழ்கினால் அவரும் மூழ்குவார். சில ஆண்டுகளின் பின் தம் பங்கை நல்ல விலைக்கு விற்றுவிட்டு விடைபெறுவார்.

"அப்ப சும்மா காசு தாறானுகளா?" என்றார் உதயரூபன்.

"சும்மா இல்லை. என் மேலுள்ள நம்பிக்கையின் பேரில்."

"நானே இன்னும் முழுசா நம்பல்ல கேதீஸ்."

ஆளுமையுள்ளோர் இத்தகைய சந்தர்ப்பங்களில் மீன் கழுவச் செல்வர்.

ஜூலை 27, ஞாயிறு

முதலீட்டாளருக்கு அனுப்பவேண்டிய முன்வைப்பு நிறைவுற்றது. 'குழு' என்ற பக்கத்தில் என் புகைப்படத்தை இட்டேன். அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்? பெரியகல்லாற்றிலிருந்து செட்டிபாளையம் வரை தோணிக்காரர் எல்லோரும் நண்டை எனக்கே தருகின்றனர். தரம் பிரிப்பதும் கட்டி அனுப்புவதும் நானே.

'ஆண்டின் எல்லா நாட்களிலும் சதை நிரம்பிய நண்டு' என்றும் எழுதினேன். சற்றே அலங்காரம்தான். நிலவு காலத்தில் நண்டு வெறும் ஓடு. இருட்டுக் காலத்தில்தான் சதை. இது கல்லாற்றில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொழும்பில் நிலவை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

போட்டியாளர் எவருமில்லை என்று எழுதினால் சந்தையே இல்லை என எண்ணிவிடுவார்களாம். ஆகவே எழுதினேன்: 'காத்தான்குடியில் ஹப்ஸா என்றொரு பெண்மணி நண்டுகளைப் பெட்டிகளில் அடைத்து, தீனி கொடுத்துக் கொழுக்க வைக்கிறார். குறிப்பிடத்தக்கவர் அல்லர்.'

போன வருடம் பாசிக்குடா ஹோட்டல் வாடிக்கை ஒன்றை என்னிடமிருந்து தட்டிச் சென்றவர் இவரே. அதை எழுதவில்லை.

ஓகஸ்ட் 2, சனி

வென்றேன்! நான் முன்வைப்பு அனுப்பிய கொழும்பு நிதியம் ஒன்றிலிருந்து யோகராசா என்பவர் தொலைபேசியில் பேசினார். நீண்ட வார இறுதியாம், குடும்பத்தோடு பாசிக்குடா வருகிறாராம். வெள்ளிக்கிழமை மதியம் என் இடத்தையும் நண்டையும் பார்க்க விரும்புகிறாராம்.

"தங்கள் வருகையால் எங்கள் வாவியோரம் பெருமையடையும்" என்றேன்.

வைத்த பிறகே கலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை போயா.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

பௌர்ணமி. ஐயோ, பௌர்ணமி!

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வருகை நாளை மாற்றச் சொல்லலாமா? ஏன் என்று கேட்பார். 'எல்லா நாட்களிலும்' என்று எழுதிய கை இதுதானே.

உதயரூபன் தட்டிலிருந்து தலை நிமிராமலே கூறினார்: "இந்தக் கிழமை சதையுள்ள நண்டு ஒரு இடத்திலதான் கிடக்கு. உனக்குத் தெரியும்."

தெரியும். தெரிந்ததனால்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

காத்தான்குடி சென்றேன். ஹப்ஸா தம் நண்டுப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி முழுக் கதையையும் கேட்டார். பின் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நிலவு நண்டை வெச்சிக்கிட்டு கொழும்பானக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்கா!"

"தங்களிடம் ஓர் உதவி கோரி வந்துள்ளேன்."

"றேடியோச் செய்தி மாதிரி கதைக்காதீங்க, எனக்குப் பயமாரிக்கி. நண்டு தாறன். காசு வேணாம். ஆனா நானும் வருவன். என்னப் பங்காளி எண்டு சொல்லணும்."

"எதற்காக?"

"சும்மாதான். முதலீட்டாளர் எப்பிடி இரிப்பார் எண்டு பாக்க."

சம்மதித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி: முதலீட்டாளர் என்ற சொல்லை இத்தனை சரளமாக இவர் எங்கே பயின்றார்?

ஓகஸ்ட் 8, வெள்ளி, போயா

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

யோகராசா வந்தார். சப்பாத்தோடு சேற்றில் இறங்கினார், சப்பாத்தில்லாமல் ஏறினார். கொட்டிலில் நண்டுக் கறியுடன் சோறு பரிமாறினோம். பெரிய கொடுக்கை உடைத்தார். வெள்ளை வெளேரென்று சதை.

"பௌர்ணமியிலும் இப்படியா? என் ட்ரைவர் நீர்கொழும்பு ஆள். போயாவில நண்டு பார்க்கப் போறேன்னு சொன்னதும் வழி முழுக்கச் சிரிச்சிட்டு வந்தான்."

கொழும்பிலும் நிலவு தெரிகிறது போலும். நான் வாய் திறக்குமுன் ஹப்ஸா பெட்டி, தீனி, ஓடு கழற்றும் காலம் எல்லாவற்றையும் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். எனக்கு எரிந்தது.

"சரி, ரெண்டு பேரும் எவ்வளவு காலமா பங்காளிகள்?"

"மூன்று வருடம்," என்றேன்.

"ஆறு மாசம்," என்றார் ஹப்ஸா, அதே கணத்தில்.

"பழக்கம் மூன்று வருடம், பங்கு ஆறு மாதம்," என்று சமாளித்தேன். அழகான சமாளிப்பு. யோகராசா தம் கணினியைத் திறந்து வாசிக்கத் தொடங்கியிராவிட்டால் அது வரலாற்றில் நின்றிருக்கும்.

"'காத்தான்குடியில் ஹப்ஸா என்றொரு பெண்மணி... குறிப்பிடத்தக்கவர் அல்லர்.' இது கேதீஸ்வரி மேடம் அனுப்பினது. இது அதுக்கு முந்தின கிழமை ஹப்ஸா மேடம் அனுப்பினது: 'கல்லாற்றில் ஒரு அக்கா இருக்கிறார். மீனவர்கள் எல்லோரும் அவர் கையில். ஆனால் பேச ஆரம்பித்தால் நண்டு செத்துவிடும்.'"

அவரும் விண்ணப்பித்திருக்கிறார்! எனக்கு முன்னரே!

உதயரூபன் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஹப்ஸா முந்தானையைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார்.

"உண்மையைச் சொன்னா," என்றார் யோகராசா, "ரெண்டு பேருக்கும் இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். ஒருத்தர்கிட்ட நண்டு இருக்கு, மாசத்தில பாதி நாள் சதை இல்லை. மற்றவங்ககிட்ட சதை இருக்கு, நண்டு போதாது. ஆனா இண்டைக்கு ஒரே மேசையில ரெண்டும் இருக்கே?"

"பொய் சொன்னது?" என்று உதயரூபன் கேட்டார். இவரை யார் கேட்கச் சொன்னது?

"சேர்ந்து பொய் சொல்ல வரல்லயே. நல்ல சகுனம்தான்."

ஓகஸ்ட் 9, சனி

ஹப்ஸா இரகசியமாக விண்ணப்பித்தது மன்னிக்க முடியாத செயல். நானும் அதையே செய்தேன் என்பது வேறு விடயம்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

நிதியத்தின் நிபந்தனைகள் வந்தன. லொறி உண்டு, புதிய பெட்டிகள் உண்டு. நிறுவனத்தில் ஐம்பத்தொரு வீதம் அவர்களுக்கு.

ஹப்ஸா என் வீட்டுக்கே வந்துவிட்டார். தொலைபேசியை மேசை நடுவில் வைத்துப் பேசினோம்.

"பெரிசா வளரணும்னா கட்டுப்பாடு எங்ககிட்ட இருக்கணும்," என்றார் யோகராசா. "வழமையான நடைமுறைதான்."

'தங்கள் முன்மொழிவின் இவ்வம்சம் மீள்பரிசீலனைக்குரியது' என்ற வாக்கியத்தை நான் காலையிலிருந்தே தயார் செய்திருந்தேன். வாய் அதைக் கேட்டால்தானே.

"எங்கட ஊர்ல மாப்பிள்ளதான் பொண் வீட்டுக்கு வாறது!"

"வீடு பொம்புளட பேர்லதான் இரிக்கும்!" என்றார் ஹப்ஸா, என் மூச்சோடு மூச்சாக.

"வரலாம், இருக்கலாம், நல்லாச் சாப்பிடலாம். வீட்டைப் பெருப்பிச்சும் தரலாம்."

"போகக்குள்ள அவர்ட பங்க எடுத்துக்கிட்டும் போகலாம். உறுதி மட்டும் எங்கட பேர்ல!"

பிறகு, "யோசிச்சு சொல்றேன்," என்று யோகராசா வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அப்படிக் கூறினால் இங்கே என்ன அர்த்தம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஹப்ஸா ஆறிய தேநீரைக் குடித்தார். லொறி போனதே — வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? ஐம்பத்தொன்று என்றால் என்ன, நண்டாவது உயிரோடு போயிருக்கும். இல்லை. இல்லவே இல்லை. சொன்னது சரிதான்.

சரிதானே?

ஓகஸ்ட் 21, வியாழன்

கொழும்பு மௌனம். ஹப்ஸா தினமும் அழைத்து ஒரே கேள்வி: "மாப்புள பதில் சொன்னாராகா?"

ஓகஸ்ட் 23, சனி

அமாவாசை. கொழுத்த நண்டு. கொழும்புக்கு அனுப்பியதில் பாதி வழியிலேயே செத்தது.

ஓகஸ்ட் 29, வெள்ளி

அவர்களுக்கு முப்பது வீதம் மட்டும்! இயக்குநர் சபையில் ஓர் ஆசனம்! யோகராசா கூறியது: "எங்க பாஸ் கேட்டார், இதென்ன ஐடியாவென்று. பிறகு அவரே சொன்னார், அவரோட மனைவி கல்முனை ஆள், தான் இருக்கிறதும் அவங்க வீட்டிலதானாம்."

முதலில் ஹப்ஸாவுக்குத்தான் சொன்னேன். உதயரூபனுக்கு இரண்டாவதாக. அவர் கவனித்துவிட்டார்.

ஒக்டோபர் 22, புதன்

லொறி வந்தது. யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில் வர்ணம் பூசுபவர் முன்னிலையிலேயே சண்டை. ஈற்றில் தீர்வை நானே கண்டேன்: இடப்பக்கம் 'கேதீஸ்வரி–ஹப்ஸா', வலப்பக்கம் 'ஹப்ஸா–கேதீஸ்வரி'. வீதியோரம் நிற்போர் எனக்கு, எதிரே வருவோர் அவருக்கு.

"அப்ப மாப்புளட பேர்?" என்றார் ஹப்ஸா.

"பின்கதவில்," என்றேன். "மாப்பிள்ளைக்கு அது போதும்." இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

முதற் சுமை ஏறி, லொறி கொழும்பு நோக்கிப் புறப்பட்டது. நாங்கள் இருவரும் வீதியில் நின்று பார்த்தோம். இடப்பக்கமும் தெரியவில்லை, வலப்பக்கமும் தெரியவில்லை. வளைவு திரும்பும் வரை தெரிந்தது பின்கதவிலிருந்த மாப்பிள்ளையின் பெயர் மட்டுமே.

ஹப்ஸா என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன்.