வெறும் இலைக்கு முன் முந்நூறு பேர்

ஏழு துறையும் வற்றாத ஏழ்துறைநாட்டுப் பேரரசி நாகவல்லியாரின் திருவாய்மொழிப்படி, மூன்று அரசுகளுக்கு அமைச்சுச் செய்தும் பல் ஒன்றும் இழவாத பேரமைச்சன் ஆதன்நம்பி எழுதுவது. வாகைமலை காக்கும் வேந்தர் விறல்வேளுக்கு நலம் பெருகுக. உம் குன்றுகளில் தேன் ஒழுகுக. உம் யானைகள் நோயின்றி வாழ்க.

உம் ஓலை கிடைத்தது. எம் கல்விச்சாலையில் உம் மகன் மாவளன் இரண்டு நாள் பட்டினி கிடந்தான் என்றும், அதற்குக் காரணமான ஓடக்காரன் மகள் தும்பையைச் சாலையினின்று நீக்காவிடில் நூறு யானைகளோடு வருவீர் என்றும் எழுதியிருந்தீர். பட்டினி மெய். மற்றதைக் கண்டபடி சொல்கிறேன். பொய் சொல்லும் வயதைக் கடந்து எனக்கு இருபது ஆண்டு ஆயிற்று.

எம் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. முந்நூறு மாணவர்க்கு முந்நூறு இலை. ஓர் இலைக்கு ஆள் வராவிடில் எவரும் சோற்றில் கை வைப்பதில்லை. தும்பைக்குச் சொல் திக்கும். உம் மகன் நாள்தோறும் அவள் பெயரைக் கேட்பான், அவள் தொடங்குமுன்னே, "துப்பப் போறா, தள்ளி நில்லுங்கடா!" என்பான். இருபத்தெட்டுப் பேர் சிரிப்பர். ஆசிரியர்கள் கேளாதவர்போல் ஏடு புரட்டுவர். ஒருநாள் அவள் இலை வெறுமையாகக் கிடந்தது.

இலையை எடுத்துவிடுமாறு மாவளன் சொன்னான். மடைப்பள்ளித் தலைவி கொற்றியோ, "இலைய எடுத்துடலாம் ராசா. அந்தப் புள்ள இருந்த எடத்த எங்க கொண்டுபோய் ஒளிக்க?" என்று கேட்டு, அகப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர்களும் உண்ணவில்லை, அவர்களுக்கு அது தகும்.

இரண்டாம் நாள் அந்தியில் முந்நூறு வயிறும் ஒருசேர உறுமின. வடவெல்லையில் பாளையம் இறங்கியிருந்த பகைவர் அதைப் போர்முரசென்று கொண்டு கூடாரங்களை விட்டு ஓடினர். அக்கூடாரத் துணியில்தான் இப்போது எம் மாணவர்க்குப் படுக்கை தைத்திருக்கிறோம். ஐயமிருப்பின் வந்து படுத்துப் பாரும்.

அவ்வுறுமல் அடங்கியபோது பொற்கொல்லர் மகன் சாத்தன் எழுந்து, "நானுஞ் சிரிச்சேன்" என்றான். ஒருவர்பின் ஒருவராக இருபத்தெட்டுப் பேரும் எழுந்தனர். கடைசியாக உம் மகன் எழுந்தான். எல்லாரும் துறைக்குச் சென்றனர்.

தும்பை ஓடத்தைவிட்டு இறங்கவில்லை. "சோ... சோத்துக்குத்தானே வந்தீங்க?" என்றாள்.

உம் குடியின் வீரமெல்லாம் திரட்டி, "ஆமா. பசிக்கலேன்னா வந்திருக்க மாட்டேன். அதுதான் வெக்கமா இருக்கு" என்றான் மாவளன். வேந்தே, அவன் பொய்யாக ஒரு சொட்டு அழுதிருந்தால் அவள் அக்கரைக்கு ஓட்டியிருப்பாள்.

அவள் கேட்டது ஒன்றே. தான் பேசும்போது எவரும் சொல் எடுத்துக் கொடுக்கலாகாது, முகமும் திருப்பலாகாது. பின்பு தன் பெயரையும் தந்தை பெயரையும் துறையின் பெயரையும் தானே சொல்லி முடித்தாள். முடிக்கும்வரை ஆறும் நின்று கேட்டது. தண்ணீர் வரவில்லையென்று கீழ்த்துறையார் முறையிட்ட ஓலை என்னிடம் இருக்கிறது. அன்று முந்நூறு பேரும் உண்டனர். உம் மகன் ஐந்துமுறை சோறு கேட்டான்.

அத்தகைய மகளைப் பெற்றது எம் நாடு. தன் வெட்கத்தை ஊரறியச் சொல்லும் மகனைப் பெற்றவர் நீர். இதில் எவர் பெருமை பெரிதென்று நூறு யானை கட்டி இழுத்தாலும் தெரியாது.

ஆகவே பேரரசியார் ஆணை: தும்பை சாலையினின்று நீங்காள். மாவளன் வேண்டுமளவும் கற்கலாம். உம் அவையில் இவ்வோலையை இப்போது வாசித்து நிற்பவள் அத்தும்பையே. தானே கேட்டுப் பெற்ற பணி இது. அவளை உம் மலையடித் துறைவரை துடுப்பு வலித்துக் கொணர்ந்தவன் உம் மகன். இவ்வரி உம் செவிக்கு எட்டிற்றாயின், வேந்தே, உம் அவையும் பொறுத்துக் கேட்கக் கற்றது என்று கொண்டு, ஏழ்துறை முத்திரை இட்டோம்.